எந்தக் கிடங்கிலிருந்து சரக்கு வருகிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிய மனமில்லாத பல வீடுகளில் லினக்ஸ் குடியேறி வருகிறது. நம் சங்கக் குடும்பங்களில் இது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பெங்களூரிலோ புனேயிலோ வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வருகிறான். ஒரே மத்தியானத்தில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ போட்டுக் கொடுக்கிறான். "அப்பா, அப்டேட் என்று கேட்டால் சரி என்று அழுத்திவிடுங்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுகிறான்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? சில சமயம் அது ஏன் நாம் நினைத்திராத இடத்திலிருந்து சரக்கை இறக்கிவிடுகிறது? அப்போது எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது? இவற்றைச் சாதாரண வாசகருக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பென்ஷன் காகிதங்களும், வங்கிக் கணக்கும், பேரப்பிள்ளைகளின் பாடமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காலம் இது. ஆகவே இது கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் கவலைப்படவேண்டிய விஷயம் அல்ல.

கிடங்கும் அதன் கணக்கரும்

விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளையும் பெரும்பாலும் தனித்தனியே தேடிப் பிடித்துப் போடுவது வழக்கம். லினக்ஸில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் பாக்கேஜ்களாகக் கட்டப்பட்டு ஓரிடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு ரெபாசிட்டரி என்று பெயர். நாம் கிடங்கு என்றே சொல்வோம். அங்கிருந்து வேண்டியதைக் கொண்டுவந்து, அதற்குத் துணையாக என்னென்ன தேவையோ அவற்றையும் சேர்த்து இறக்கி, கணக்கும் வைத்துக்கொள்ளும் நிரல்தான் பாக்கேஜ் மேனேஜர். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் இதன் பெயர் ஆப்ட். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழியில் வந்ததே. ஃபெடோராவில் டிஎன்எஃப், ஓப்பன்சூசேயில் ஜிப்பர் என்று பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

கிடங்கு ஒன்றே ஒன்றாக இருந்தால் சங்கடம் எதுவும் இல்லை. ஆனால் நாள் போகப் போக ஒருவர் வீடியோவுக்காக ஒன்றைச் சேர்ப்பார், இன்னொருவர் பிரிண்டருக்காக ஒன்றைச் சேர்ப்பார், மற்றொருவர் புதிய பதிப்பு சீக்கிரம் வேண்டும் என்று மூன்றாவதைச் சேர்ப்பார். ஒரே பெயருள்ள பாக்கேஜ் இரண்டு கிடங்குகளிலும் இருக்க நேர்ந்தால் எதை எடுப்பது என்ற கேள்வி எழுகிறது. தகராறு தொடங்குவது இங்கேதான்.

எண்ணைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது

கரோல் பாக்கில் காப்பிப் பொடி வாங்க ஒரு பையனை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கடை என்று சொல்லாமல், "எந்தப் பொட்டலத்தில் வறுத்த தேதி பிந்தியதாகப் போட்டிருக்கிறதோ அதை வாங்கி வா" என்று மட்டும் சொல்லுகிறோம். பையன் நாணயமானவன், சொன்னபடியே செய்வான். ஆனால் பொட்டலத்தின் மேல் தேதி போடுபவர் கடைக்காரர். நாம் இத்தனை வருஷமாக வாங்கும் கடையை விட்டுவிட்டு, தேதியைத் தள்ளிப் போட்ட வேறொரு கடையின் பொடி வீட்டுக்கு வந்துவிட்டால் பையனைக் கோபித்துப் பயனில்லை.

பாக்கேஜ் மேனேஜரும் ஏறக்குறைய இப்படித்தான். கிடங்குகளின் தரவரிசையை நாம் சொல்லாதவரை எல்லாக் கிடங்கும் அதற்குச் சமம். எதில் பதிப்பு எண் பெரிதாக இருக்கிறதோ அதுவே வெற்றி பெறும். அந்த எண்ணை எழுதுபவர் கிடங்கை நடத்துபவர். எண் என்பது ஒருவர் சொல்லும் வாக்குதானே தவிர, தரத்துக்கோ நம்பகத்துக்கோ சான்று ஆகாது.

பதிப்பு எண்ணை ஒப்பிடுவதிலும் சூட்சுமம் உண்டு. டெபியன் வழிமுறையில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய எண்ணும் முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளியும் இருக்கலாம். இதற்கு ஈபாக், அதாவது சகாப்தம் என்று பெயர். அது எழுதப்படாவிட்டால் பூஜ்யம் என்று கொள்ளப்படும். சகாப்தம் பெரிதாக இருந்தால் பின்னால் வரும் எண் எவ்வளவு சிறிதானாலும் அதுவே பெரியது. 1:1 என்பது வெறும் 122-ஐ விடப் பெரியது! நம் கண்ணுக்கு வேடிக்கையாகத் தெரியும். இயந்திரத்துக்கு அதுவே சட்டம்.

ஃபயர்ஃபாக்ஸ் சொல்லும் பாடம்

இதற்கு நல்ல உதாரணம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 முதல், ஃபயர்ஃபாக்ஸை ஸ்நாப் என்ற வேறொரு முறையில் வழங்குவது என்று உபுண்டு முடிவு செய்தது. ஸ்நாப் என்பது மென்பொருளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, வெளியே உள்ளவற்றைத் தொடுவதற்குக் கட்டுப்பாடு வைத்து ஓட்டும் முறை. அதற்கு அதன் நன்மைகள் உண்டு. ஆப்ட் கிடங்கில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் இருப்பது உலாவி அல்ல. ஸ்நாப்பை இறக்கச் சொல்லும் ஒரு சிறிய வழிகாட்டிப் பாக்கேஜ். உபுண்டு 22.04-இல் அதன் பதிப்பு எண் 1:1ஸ்நாப்1 என்று தொடங்கும். முன்னால் சகாப்தம் 1 இருப்பதைக் கவனிக்கவும்.

2024 ஜனவரியில், ஃபயர்ஃபாக்ஸ் 122 வெளியானபோது, அதைத் தயாரிக்கும் மொசில்லா நிறுவனமே டெபியன், உபுண்டு பயனர்களுக்கென்று தன் சொந்த ஆப்ட் கிடங்கிலும் அதை வழங்கியது. பெட்டிக்குள் அடைபடாத ஃபயர்ஃபாக்ஸ் வேண்டும் என்பவர்கள் அந்தக் கிடங்கைச் சேர்க்கிறார்கள். சேர்த்துவிட்டு அப்டேட் அழுத்தினால் திரும்பவும் ஸ்நாப்தான் வந்து நிற்கிறது. காரணம் இப்போது விளங்கும். மொசில்லாவின் 122-க்கு சகாப்தம் இல்லை. உபுண்டுவின் வழிகாட்டிப் பாக்கேஜுக்கு சகாப்தம் 1. இரண்டு கிடங்கும் சமம் என்றால் பெரிய எண் ஜெயிக்கும். இங்கே பழுது எதுவும் இல்லை, யாருடைய சதியும் இல்லை. விதி விதித்தபடி நடக்கிறது. நம் விருப்பம் அந்த விதிக்குள் எழுதப்படவில்லை, அவ்வளவே.

முதலில் பார்ப்போம், பிறகு தொடுவோம்

இப்படி ஏதாவது நேர்ந்தால் பலர் முதலில் செய்வது, பாக்கேஜை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவது. பத்து முறை போட்டாலும் பழைய கதைதான் நடக்கும். கம்ப்யூட்டர் எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தது என்று அதையே கேட்க வேண்டும். அதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. டெர்மினலைத் திறந்து "ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்" என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் மூன்று சொற்களாக அடிக்கவும். இது எதையும் மாற்றாது. காட்ட மட்டும் செய்யும்.

வரும் விடையில் மூன்று பகுதிகள் இருக்கும். முதல் வரி, இப்போது நிறுவப்பட்டிருக்கும் பதிப்பு. இரண்டாவது வரி கேண்டிடேட், அதாவது அடுத்து இறக்குவதற்குத் தேர்வாகியிருக்கும் பதிப்பு. மூன்றாவது, பதிப்புப் பட்டியல். ஒவ்வொரு பதிப்பும் எந்தக் கிடங்கிலிருந்து கிடைக்கிறது, அந்தக் கிடங்குக்கு என்ன முன்னுரிமை எண் என்பதெல்லாம் இதில் இருக்கும். மூன்று நட்சத்திரக் குறி உள்ள வரியே நிறுவப்பட்டது. கேண்டிடேட் என்ற இடத்தில் நாம் எதிர்பார்த்தது இல்லை என்றால், ஏன் இல்லை என்பதற்கான விடை பட்டியலில் உள்ள எண்களிலேயே இருக்கும்.

முன்னுரிமை எண்கள்

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை புதிதல்ல. ராஜதானியும் சரக்கு வண்டியும் ஒரே லைனுக்குக் காத்திருந்தால், செக்‌ஷன் கன்ட்ரோலர் எந்த வண்டிக்கு வழிவிடுவது என்பதை வண்டி எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வகையைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆப்டும் முதலில் பார்ப்பது முன்னுரிமை எண்ணைத்தான். அது சமமாக இருக்கும்போது மட்டுமே பதிப்பு எண்ணுக்குப் போகும். முக்கியமான எண்கள் இவை:

500: சாதாரணக் கிடங்குகள் அனைத்துக்கும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிடைக்கும் எண்.

990: "இந்த வெளியீடுதான் என் வெளியீடு" என்று நாம் குறிப்பிட்டுச் சொன்ன கிடங்குக்குக் கிடைக்கும் எண்.

100: ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பதிப்புக்கும், டெபியனின் பேக்போர்ட்ஸ் போன்ற கிடங்குகளுக்கும் உரியது.

1: டெபியனின் எக்ஸ்பெரிமென்டல் போன்ற சோதனைக் கிடங்குகள். நாமாகக் கேட்டால் ஒழிய மேம்படுத்தலுக்கு வராது.

1000-மும் அதற்கு மேலும்: பதிப்பு எண் குறைந்தாலும் பரவாயில்லை, இதையே எடு என்று பொருள். மற்ற எந்த எண்ணுக்கும் ஆப்ட் தானாக மேலிருந்து கீழ்ப் பதிப்புக்கு இறங்காது.

பூஜ்யத்துக்குக் கீழே: ஒருபோதும் நிறுவாதே. லினக்ஸ் மின்ட் 2020-இல் தன் 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்நாப் தானாக நுழைவதைத் தடுத்தது இப்படித்தான். அதற்கு மைனஸ் 10 கொடுத்திருக்கிறார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் விவகாரத்தில் மொசில்லா தன் கிடங்குக்கு 1000 கொடுக்கச் சொல்வதன் காரணம் இப்போது தெளிவாகும். 1:1-லிருந்து 122-க்குப் போவது ஆப்டின் கணக்கில் இறக்கம். இறங்க அனுமதி வேண்டுமானால் 1000 வேண்டும்.

எழுதும் முறை

ஈடிசி என்ற ஃபோல்டருக்குள் ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ஒரு சிறிய கோப்பு, மூன்றே வரிகள்: முதல் வரி எந்தப் பாக்கேஜ், இரண்டாவது வரி எந்தக் கிடங்கு, மூன்றாவது வரி என்ன முன்னுரிமை. இதற்குப் பின்னிங், அதாவது ஊசி குத்தி நிறுத்துவது என்று பெயர். இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, கோப்பின் பெயர். பின்னொட்டே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது .பிரெஃப் என்று முடிய வேண்டும். வேறு பின்னொட்டு இருந்தால் ஆப்ட் அந்தக் கோப்பைப் படிக்காது. எழுதியது அத்தனையும் சரியாக இருந்தும் பலன் இல்லையே என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

இரண்டு, ஆரிஜின் என்ற சொல். இரண்டாவது வரியில் "பின்: ஆரிஜின்" என்று எழுதினால் அதற்குப் பின்னால் கிடங்கின் இணைய முகவரிப் பெயர் வர வேண்டும். "பின்: ரிலீஸ்" என்று எழுதி அதில் "ஓ=" என்று போட்டால், கிடங்கு தனக்குத் தானே வைத்துக்கொண்டிருக்கும் பெயர் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்தான், பொருள் வேறு. முகவரி இருக்கவேண்டிய இடத்தில் பெயரை எழுதினால் விதி எதற்கும் பொருந்தாமல் சும்மா கிடக்கும்.

மூன்று, பாக்கேஜ் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் அந்தக் கிடங்கில் உள்ள அத்தனைக்கும் அந்த முன்னுரிமை போய்விடும். மொசில்லாவின் கிடங்கில் அவர்கள் பொருள்கள் மட்டுமே இருப்பதால் பாதகமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பாக்கேஜ்கள் உள்ள வெளிக் கிடங்குக்கு 1000 கொடுத்தால், அமைப்பின் அடித்தளப் பாக்கேஜ்களையும் அது மாற்றிவிடக்கூடும். அங்கே நல்ல முறை இது: கிடங்கு முழுவதற்கும் 100 கொடுத்துக் கீழே வைத்துவிட்டு, வேண்டிய ஒரு பாக்கேஜுக்கு மட்டும் பெயர் சொல்லி உயர்ந்த எண் கொடுப்பது. பெயர் சொன்ன விதி, நட்சத்திரக் குறி விதியை வெல்லும்.

எழுதி முடித்ததும் உடனே அப்டேட் அழுத்த வேண்டாம். பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிவிட்டது என்று உறுதியாகாதவரை சிக்னல் விழாது என்பது ரயில்வே ஏற்பாடு. அதுபோல, மறுபடியும் "ஆப்ட் பாலிசி" கேட்டு, கேண்டிடேட் மாறியிருக்கிறதா என்று பார்க்கவும். அதன் பிறகு "ஆப்ட்-கெட்" கட்டளையில் "அப்கிரேட்" என்பதோடு "மைனஸ் எஸ்" சேர்த்து ஓட்டினால், எதையும் உண்மையில் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். எந்தக் கிடங்கிலிருந்து எது வருகிறது என்பதும் அதில் தெரியும். திருப்தியாக இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

இன்னும் ஒன்று. தானாகப் பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கும் அன்-அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற ஏற்பாடு, அனுமதிக்கப்பட்ட கிடங்குகளின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது. பின்னிங் செய்த கிடங்கை அதிலும் சேர்க்காவிட்டால் அந்தக் கிடங்கின் திருத்தங்கள் தானாக வந்து சேரா. "ஹோல்டு" போட்டு ஒரு பாக்கேஜை நிறுத்தி வைக்கும் வழியும் உண்டு. ஆனால் நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நிற்கும். அது சில நாளைக்கு ஆகும். நிரந்தரத் தீர்வு அல்ல.

ஃபெடோராவும் ஓப்பன்சூசேயும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே எண் தலைகீழ். பொதுவான எண் 99. எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். ஆப்ட் பழக்கத்தில் பெரிய எண்ணை எழுதினால் கிடங்கு மேலே போவதற்குப் பதில் அடியில் போய் நிற்கும். ஓப்பன்சூசேயின் ஜிப்பரில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு: நாம் அனுமதித்தால் ஒழிய, ஒரு விநியோகஸ்தரின் பாக்கேஜை வேறொரு விநியோகஸ்தரின் பாக்கேஜால் வழக்கமான மேம்படுத்தலில் மாற்றுவதில்லை.

இது வெறும் அசௌகரியம் அல்ல

உலாவி மாறி வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். உலாவி மாறினால் முழுகாது. ஆனால் இதே ஓட்டையின் வழியே கெட்ட எண்ணம் கொண்டவர்களும் நுழைய முடியும்.

2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் தனிப் பாக்கேஜ்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு, அதே பெயரில், கூடுதல் பதிப்பு எண்ணோடு, பொதுக் கிடங்குகளில் தன் பாக்கேஜ்களை வைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் தங்கள் சொந்தச் சரக்கை விட்டுவிட்டு அவர் வைத்ததை எடுத்துக்கொண்டன. அவர் நல்ல எண்ணத்தோடு செய்து, நிறுவனங்களுக்கும் அறிவித்தார்.

எல்லோரும் அப்படி அல்ல. பைதான் மொழியில் செயற்கை நுண்ணறிவு பயில்பவர்கள் பயன்படுத்தும் பைடார்ச் என்ற மென்பொருளின் சோதனைப் பதிப்புக்கு டார்ச்ட்ரைட்டான் என்ற துணைப் பாக்கேஜ் தேவைப்பட்டது. அது பைடார்ச்சின் சொந்தக் கிடங்கில் இருந்தது. யாரோ அதே பெயரில் ஒரு தீய பாக்கேஜைப் பைப்பிஐ என்ற பொதுக் கிடங்கில் வைத்தார்கள். 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் பிப் வழியாகச் சோதனைப் பதிப்பை நிறுவியவர்களுக்கு வந்தது அந்தப் போலி. கம்ப்யூட்டரின் விவரங்களையும் ரகசியச் சாவிகள் உள்ள கோப்புகளையும் வெளியே அனுப்பும் வேலையை அது செய்தது. இரண்டாவது கிடங்கைக் கூடுதலாகச் சேர்த்தால், அவற்றுள் எது மேல் எது கீழ் என்று பிப் பார்ப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் தினமும் கையாளும் கருவி அது. "எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ்" என்று இன்னொரு கிடங்கைச் சேர்க்காமல், நம்பிக்கையான ஒன்றை மட்டும் சுட்டுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

கிடங்கின் பெயர் அப்படியே இருக்க, சொந்தக்காரர் மாறுவதும் உண்டு. டெபியனுக்கு வீடியோ, ஆடியோ பாக்கேஜ்களை வழங்கிவந்த டெபியன் மல்டிமீடியா என்ற வெளிக் கிடங்கு, தன் பழைய இணைய முகவரியைக் கைவிட்டது. அந்த முகவரியை அறிமுகமில்லாத யாரோ பதிவு செய்துகொண்டார்கள். 2013 ஜூனில் டெபியன் அமைப்பு, அந்த முகவரியை உடனே பட்டியலிலிருந்து நீக்குங்கள் என்று அறிவிக்கவேண்டி வந்தது. என்றோ சேர்த்துவிட்டு மறந்துபோன வரி, இன்று வேறு யாருடைய வாசலுக்கோ வழிகாட்டிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியவை

வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீட்டை ஒழிப்பதுபோல், கிடங்குப் பட்டியலையும் ஒழிக்கலாம். ஈடிசி-க்குள் உள்ள ஆப்ட் ஃபோல்டரில், சோர்சஸ் என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகளிலும் ஃபோல்டரிலும் இந்தப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும், இதை யார் நடத்துகிறார்கள், எந்தப் பாக்கேஜுக்காகச் சேர்த்தோம், இன்றும் தேவையா என்று மூன்று கேள்விகள் கேட்கவும். விடை தெரியாத வரியை நிறுத்தி வைக்கவும். பிள்ளை விடுமுறைக்கு வரும்போது கேட்டுக்கொண்டு நீக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, அதன் கையொப்பச் சாவி அந்தக் கிடங்குக்கு மட்டுமே செல்லும்படி "சைன்டு-பை" என்று குறிப்பிடவும். ஒரு கடையின் சாவி எல்லாக் கடைகளையும் திறக்கக்கூடாது அல்லவா?

பின்னிங் செய்தால், ஏன் செய்தோம் என்பதை அதே கோப்பில் "எக்ஸ்பிளனேஷன்" என்ற வரியில் தேதியோடு எழுதி வைக்கவும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்க்கும்போது காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரியாத விதியைத் தொடவும் பயம், விடவும் பயம்.

அப்டேட் செய்வதே ஆபத்து என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைத்துக்கொள்ள வேண்டாம். திருத்தங்களைத் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து. "சரி" என்று அழுத்துங்கள். அழுத்துமுன், வரும் சரக்கு யாருடைய கிடங்கிலிருந்து வருகிறது என்று ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.